முப்பத்தொரு முடிச்சு

மலை மேலிருந்த ஓர் ஊரில், பஸ் நிலையத்துக்கு மேலே ஏறுகிற சாலையில், ஒரு கம்பளிக் கடை இருந்தது. கடையின் முன்தட்டில் அக்ரிலிக் நூற்கண்டுகள் கண்ணாடித்தாள் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ரோஜா, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். பின்தட்டில், எளிதில் கண்ணில் படாத இடத்தில், ஒரு பிரம்புக் கூடைக்குள் ஆறு சிட்டங்கள் கிடந்தன.

கையால் நூற்ற ஆட்டுக் கம்பளி. சாயம் ஏற்றாத சாம்பல் நிறம். கண்டாக உருட்டாமல், பெரிய வளையமாகச் சுற்றி, ஒரு திருகு திருகி மடித்து வைத்த நூல். அதைத்தான் சிட்டம் என்பார்கள். ஆறும் ஒரே மந்தையின் ரோமம் என்பதால் பேசினால் ஒரே குரலில்தான் பேசும். கடையில் இருந்த மற்றப் பொருள்கள் ஆறையும் சேர்த்துச் சாம்பல் என்றே கூப்பிட்டன.

அந்த ஊரில் நூல் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நுனியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். அறாவிட்டால் வாங்குவார்கள். ரோஜாக் கண்டு இந்தப் பரீட்சையில் ஒருநாளும் தோற்றதில்லை. சாம்பல் ஒருநாளும் ஜெயித்ததில்லை. நூற்றவள் அதற்கு முறுக்கைத் தளர்வாகத்தான் கொடுத்திருந்தாள். இழைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று தங்கட்டும், அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது அவள் எண்ணம். இழுத்துப் பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? நூல் படக்கென்று அறும். "ஐயே, இத்துப்போனது" என்று கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

"ஒரு இழுப்புக்கே தாங்கல. நீயெல்லாம் ஒரு மனுசன் மேல எப்படி ஒரு குளிர்காலம் பூரா கிடப்ப?" என்று கேட்டது ரோஜா.

"இழுத்தாத்தான் அறுவேன். போட்டுக்கிட்டா அறமாட்டேன்" என்றது சாம்பல்.

"இழுக்காம யாருப்பா இருக்காங்க?"



கடைக்காரர் அனீபா பாய் நல்ல மனிதர்தான். ஆனால் கூடை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் தலகாணி தைக்கிறவங்கிட்ட தூக்கிக் குடுத்துருவேன். உள்ள அடைச்சுக்கட்டும்" என்று யாரிடமோ சொன்னார். சாம்பல் அதைக் கேட்டது. உறைக்குள், இருட்டில், யாரோ ஒருவருடைய தலையின் கனத்துக்கு அடியில் காலம் போகும். மேலே போட்டுக்கொள்ள ஒரு உடம்பு கிடைக்காமலே போய்விடும். அன்று முதல் யாராவது கடைப்படி ஏறினால் சாம்பல் நடுங்க ஆரம்பித்தது. வாங்கிப் போவார்களோ என்ற ஆசையிலா, இழுப்பார்களோ என்ற பயத்திலா என்று அதற்கே தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பதி வந்தார்கள். அவள் பெயர் அக்சீலியா. சாக்லேட் கடையில் பெட்டி கட்டுகிற வேலை. அதற்கு முன்னால் பல வருடம் கன்னியாஸ்திரிகள் மடத்தில் ஸ்வெட்டர் பின்னியவள். அவன் செபஸ்தி, பூங்காவில் தோட்டக்காரன். கடைப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை இருமினான்.

"ரெடிமேடா ஒண்ணு எடுத்துட்டுப் போவோம் அக்சி" என்றான்.

"போன வருசம் எடுத்த செவப்பு ரெடிமேடுதான? தண்ணி பட்டா நேரா நெஞ்சுக்கு அனுப்பி வச்சிருது. அதப் போட்டுத்தான நிமோனியாவுல படுத்தீங்க?"

அவனுடைய வேலை அப்படி. உறைபனி விழுந்த காலையில் வெயில் வருவதற்கு முன்னால் செடிகள் மேல் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். விட்டால் இலை கருகிவிடும். செடியை நனைக்கிறவன் தானும் நனையாமல் வர முடியாது. இன்னொரு முறை நெஞ்சில் குளிர் இறங்கினால் தாங்காது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். உறைபனிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அக்சீலியா முன்தட்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்தட்டுக்குப் போனாள். சாம்பல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவள் ஒரு சிட்டத்தை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்தாள். அது மெதுவாகப் பொங்கி எழுந்து பழையபடி ஆனது. கழுத்துப் பக்கம் வைத்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். இழையைக் கொஞ்சம் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "ஆறும் குடுங்க பாய்" என்றாள்.

"இழுத்துப் பாக்கலையாம்மா?" என்றார் அனீபா பாய். எடுத்துப் போனவள் நாளைக்குச் சண்டைக்கு வரக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

"இழுத்தா அறும். அறுக்கிறதுக்கா வாங்குறேன்?"

செபஸ்தி ஒரு சிட்டத்தை வாங்கி மோந்தான். "ஆட்டுக்கிடைக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. இதப் போட்டுட்டுப் போனா செந்நாய் தொரத்தும்டி."

"நீங்க இருமுற இருமலுக்கு செந்நாய் அடுத்த மலைக்கு ஓடிரும். பைய புடிங்க."

பைக்குள் போகும்போது சாம்பல் ரோஜாவைத் திரும்பிப் பார்த்தது. ரோஜா தன் கண்ணாடித்தாள் சட்டையைச் சரிசெய்துகொண்டது. 

வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது போன வருடத்துச் சிவப்பு ஸ்வெட்டர். அக்ரிலிக் குடும்பம். பைக்குள்ளிருந்து சாம்பல் வெளியே வந்ததும் சிவப்பு அதை மேலும் கீழும் பார்த்தது.

"என் இடத்துக்கு வந்திருக்கியா?"

"உன் இடம்னு எனக்குத் தெரியாது" என்றது சாம்பல்.

"நான் மட்டும் என்ன வேணும்னா குளிர உள்ள விட்டேன்? என்னால முடிஞ்சது அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ரோஜாமுள்ளுல எத்தன தடவ மாட்டி இழுத்திருக்கு, நான் அறுந்ததில்ல. நீ?"

"அறுந்திருக்கேன்."

"பாப்போம் பாப்போம்" என்றது சிவப்பு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே பெருமை அதுதான்.

மேஜை இழுப்பறையின் இருட்டில் கிடந்த மூங்கில் ஊசிகள் இரண்டும் மட்டும் சந்தோஷப்பட்டன. "ரொம்ப நாளாச்சு, நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து" என்றன.

பின்னுவதற்கு முன்னால் சிட்டத்தைக் கண்டாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுற்றலாம் என்று அக்சீலியா வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை செபஸ்திக்கு வார விடுமுறை. அவள் வேலைக்குப் போயிருந்தாள். தனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறாள், நாமும் ஒரு கை கொடுப்போம் என்று அவனுக்குத் தோன்றியது.

நாற்காலியைக் கவிழ்த்தான். கால்களில் சிட்டத்தை மாட்டினான். தோட்டத்தில் சணல் கயிறு சுற்றுகிற மரமுளையை எடுத்துவந்தான். பாத்தி கட்டுவதற்குக் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்தால் பாத்தி கோணிப்போகும். இருபத்திரண்டு வருடம் அப்படிச் சுற்றிய கை. அதே இழுப்போடு சாம்பலைச் சுற்ற ஆரம்பித்தான்.

"மெதுவா" என்றது சாம்பல். அவனுக்குக் கேட்கவில்லை. படக்.

செபஸ்தி இரண்டு நுனியையும் எடுத்தான். தோட்டக்காரன் முடிச்சு ஒன்று போட்டான். மழையிலும் வெயிலிலும் அவிழாத முடிச்சு அது. மேலும் சுற்றினான். படக். இன்னொரு முடிச்சு. அறுந்த நூலை அப்படியே விட்டுவிட்டால் அவள் சிரமப்படுவாளே என்று ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இறுக்கினான். மதியத்துக்குள் ஆறு சிட்டமும் ஆறு பந்தாகிவிட்டது. தட்டினால் கல் மாதிரி சத்தம் வந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்காக மேஜை மேல் வரிசையாக அடுக்கி வைத்தான்.

அக்சீலியா வந்தாள். ஒரு பந்தை எடுத்தாள். நூலைக் கொஞ்சம் பிரித்தாள். விரலில் ஒரு முடிச்சு தட்டியது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"என்னங்க இது? நூலா, செபமாலையா?"

"அறுந்துச்சு. கட்டுனேன்" என்றான் அவன்.

"யாரு உங்களச் சுத்தச் சொன்னது?"

"ஒத்தாச பண்ணலாம்னு..."

"ஒத்தாச பண்ற கையா இது? உயிரையே புழிஞ்சு எடுத்து வச்சிருக்கீங்க. ஒவ்வொரு முடிச்சும் நெஞ்சுல குத்தும். முடிச்சுப் பக்கத்துல ஓட்ட விழும். இத எப்படிப் பின்றது?"

"அப்ப தூக்கிப் போடு. எனக்கு ஸ்வெட்டரும் வேணாம், மண்ணும் வேணாம்."

"போடுறேன். நல்லா இருமிக்கிட்டுக் கிடங்க."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. "சோறு வடிச்சு வச்சிருக்கு" என்று அவள் அடுப்பிடம் சொல்வாள். "வேலைக்கு நேரமாச்சு" என்று அவன் ஆணியில் தொங்கிய சிவப்பிடம் சொல்வான். வீட்டுப் பொருள்களுக்கு இது புது வேலை. அடுப்புக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் போரடித்துவிட்டது.

மேஜை மேல் சாம்பல் இறுகிக் கிடந்தது. உள்ளே காற்று இல்லை.

"எல்லாம் என்னாலதான். அறாம இருந்திருந்தா இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றது.

சிவப்பு ஆணியிலிருந்து குனிந்து பார்த்தது. கேலி செய்ய வாயெடுத்தது, செய்யவில்லை. "நேத்து ராத்திரி முழுக்க இருமுனார். பக்கத்துல அவ முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தா. எந்திரிச்சு முதுகத் தடவலாமா வேணாமான்னு கையத் தூக்கித் தூக்கி வச்சா" என்றது.

"தடவினாளா?"

"இல்ல."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஓட்டின் மேல் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருந்தது. முதல் பனி. தரையில் இன்னும் உறையவில்லை. அக்சீலியா வாசலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன செய்யப்போற?" என்று சாம்பல் கத்தரியிடம் கேட்டது.

"முடிச்சு அவிழாது. வெட்டித்தான் எடுக்கணும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றது கத்தரி. அதிகம் பேசாத ஜாதி அது.

அவள் ஆறு பந்தையும் பிரித்து, மறுபடி தளர்ந்த சிட்டங்களாக்கி மடியில் போட்டுக்கொண்டாள். முதல் முடிச்சை வெட்டி எறிந்தாள். சாம்பல் துண்டாகிவிட்டது. சிவப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்சீலியா இரண்டு நுனியையும் விரலால் பிரித்துப் பஞ்சாக்கினாள். நாக்கில் தொட்டு ஈரப்படுத்தினாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சூடு ஏறும்வரை தேய்த்தாள். கையைத் திறந்தாள். நூல் ஒன்றாக இருந்தது. சேர்ந்த இடத்தில் ஒரு தடயமும் இல்லை.

"எப்படி?" என்றது சிவப்பு.

"தெரியல. என் ரோமத்துல சின்னச் சின்னதா செதில் இருக்கு. ஈரமும் சூடும் பட்டதும் அதது திறந்து ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிச்சு" என்றது சாம்பல்.

சிவப்பு தன் இழைகளைத் தடவிப் பார்த்தது. எல்லாம் வழவழவென்று இருந்தன. தன் உடம்புக்குள்ளே, தையல் ஓரத்தில், தொழிற்சாலையில் போட்ட ஒரு முடிச்சு இருப்பது அதற்கு நினைவு வந்தது. அது இன்றைக்கும் அப்படியேதான் இருந்தது.

செபஸ்தி கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளுக்குப் பிறகு அடுப்பையும் சிவப்பையும் விட்டுவிட்டு அவளிடமே கேட்டான்.

"எச்சிலா?"

"எச்சில்தான்."

"தண்ணி வச்சா ஆகாதா?"

"ஆகும். பக்கத்துல தண்ணி இல்ல, எச்சில் இருக்கு. ஏன், நெஞ்சு மேல என் எச்சில் பட்டா தீட்டா உங்களுக்கு?"

அவன் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எத்தன முடிச்சு போட்டேன்?"

"முப்பத்தொண்ணு. கட்டுனவருக்குத் தெரியாதா?"

"கட்டும்போது யாரு எண்ணுனா" என்றான். பிறகு இரண்டு கையையும் நீட்டினான். "என் கை காச்சுப்போன கை. சீக்கிரம் சூடாகும். நீ ஈரம் பண்ணிக் குடு, நான் தேய்க்கிறேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்துத் தடித்த கை. நூலை அதில் வைத்தாள். "இறுக்காதீங்க. புறாக்குஞ்சப் புடிக்கிற மாதிரி" என்றாள். அவன் தேய்த்தான். முதலாவது பிரிந்துவிட்டது. இரண்டாவதும் பிரிந்தது. மூன்றாவது நின்றது. அவன் அதை விளக்குக்கு நேரே பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினான்.

"எங்கடி சேத்தோம்?"

"தேடுங்க. கண்டுபுடிச்சா இன்னைக்கு முட்டைக்கொழம்பு."

அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முட்டைக்குழம்பு வைத்தாள்.

மறுநாளிலிருந்து ஊசிகள் வேலையைத் தொடங்கின. காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம் என்று பதினாறு நாள். ஸ்வெட்டர் முழுசானதும் செபஸ்தி போட்டுப் பார்த்தான். "என்னடி, கொசுவலை மாதிரி இருக்கு? இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியுதே."

சாம்பலுக்கு மறுபடியும் பயம் வந்தது. அக்சீலியா சிரித்தாள். "இன்னும் குளிக்கலைங்க அது" என்றாள்.

அலுமினியப் பாத்திரத்தில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு.

"என்னைக் கல்லுல அடிப்பாங்களா?" என்று சாம்பல் பாத்திரத்திடம் கேட்டது.

"அடிக்கிறதுக்கு நீ என்ன வேட்டியா? சும்மா கிட" என்றது பாத்திரம். "கொதிக்கிற தண்ணியில போட்டு அலசு அலசுன்னு அலசினாத்தான் ஆபத்து. உன் செதிலெல்லாம் மாட்டிக்கிட்டு அட்டையா இறுகிருவ, பொம்மைக்குத்தான் மாட்ட முடியும். ஈரமும் தேய்ப்பும் உன்னச் சேத்து வச்சுச்சுல்ல? அதுவே ரொம்பப் போச்சுன்னா மூச்சு முட்டிரும்."

நூற்கும்போது பூசிய எண்ணெய் தண்ணீரில் இறங்கியது. ஆட்டு வாடை பாதி போனது. இறுகிக் கிடந்த இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து கை நீட்டி, பக்கத்து இழையைத் தொட்டன. கண்ணிகளின் இடைவெளி மூடிக்கொண்டது. பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, கட்டிலில் ஒரு போர்வை மேல் தட்டையாகக் கிடத்தினாள். கொடியில் தொங்கப்போட்டால் தண்ணீர்க் கனத்தில் முழங்கால்வரை நீண்டுவிடும்.

"நாளான்னைக்குக் காஞ்சிரும்" என்றாள்.

அவள் கணக்குத் தப்பிவிட்டது. மறுநாள் காலையிலேயே உறைபனி இறங்கியது. வாசல் தொட்டித் தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. செபஸ்தி கட்டிலருகே வந்து சாம்பலைத் தொட்டான்.

"காயலைங்க. அக்குள்ள இன்னும் ஈரம். இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்க" என்றாள் அக்சீலியா.

"போகலைன்னா ரோஜாச்செடி எல்லாம் கருகிரும்டி. ஈரமா இருந்தாலும் கம்பளி சுடும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். ஆனா நெஞ்சு உங்களுது."

அவன் கொஞ்சம் யோசித்தான். ஆணியிலிருந்து சிவப்பை எடுத்து முதலில் போட்டுக்கொண்டான். அதன் மேல் சாம்பலைப் போட்டான்.

பூங்காவில் புல்தரை வெள்ளையாக விறைத்திருந்தது. தண்ணீர்க்குழாயின் மூட்டு ஒழுகியது. பீய்ச்சி அடிக்கும்போதெல்லாம் ஒரு பங்கு அவன் மார்பில் தெறித்தது. சிவப்பு பழைய ஞாபகத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டது. தண்ணீர் வரும், தன்னால் தடுக்க முடியாது, நேரே நெஞ்சுக்குப் போகும். காத்திருந்தது. வரவில்லை.

"தண்ணி எங்க?" என்றது.

"எங்கிட்ட இருக்கு. குடிச்சுக்கிட்டேன்" என்றது சாம்பல்.

"உனக்குக் குளிரலையா?"

"வெளிப்பக்கம் குளிருது. உள்பக்கம் நீ இருக்கியே."

 சிவப்பு, இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று, சாம்பலின் உட்புறம் முழுக்கத் தடவித் தேடியது. மார்பில், தோளில், விலாவில் தேடியது. ஒரு முடிச்சும் தட்டுப்படவில்லை.

"எங்கெல்லாம் அறுந்த?"

"எனக்கே தெரியல" என்றது சாம்பல்.

வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பாத்தியும் நனைந்துவிட்டது. வேலிக்கதவு திறந்தது. அக்சீலியா வேலைக்குப் போகிற சேலையோடு ஒரு பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். வந்தவள் அவன் கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். உள்ளே உலர்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"இருமுனீங்களா?"

"மறந்துட்டேன்" என்றான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்தாள். மூடிதான் தம்ளர், அதுவும் ஒன்றுதான். தேநீரை ஊற்றி நீட்டினாள்.

"நீ மொதல்ல குடி. மேடு ஏறி வந்திருக்க" என்றான்.

அவள் பாதியைக் குடித்துவிட்டு, முந்தானையை எடுத்து விளிம்பைத் துடைக்கப் போனாள். செபஸ்தி மூடியை அப்படியே வாங்கிக் குடித்தான்.